சாவி யார் கையில்?

(சங்கப் படிப்பகத்தில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில், கம்ப்யூட்டர் அறைக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

நான் பேச்சாளன் அல்ல. ரயில்வேயில் குமாஸ்தா. படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். தகுதி இல்லை, ஆனால் அக்கறை இருக்கிறது. நான்கு மாதமாக அந்த அறையில் உட்கார்ந்து, தவறு செய்து, திருத்திக்கொண்டு தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு சம்பவத்தில் தொடங்குகிறேன். சென்ற வருடம் என் மகளுடைய ஹால் டிக்கெட்டை அச்செடுக்க ஒரு பிரவுசிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கம்ப்யூட்டரைக் காட்டி உட்காரச் சொன்னார். திரையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஆதார் அட்டைகள், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கங்கள், ரேஷன் கார்டு நகல்கள், சாதிச் சான்றிதழ்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றில் ஒன்று எங்கள் பக்கத்து அறை அம்மாளுடையது. வீட்டு வேலை செய்து பிழைக்கிறவர். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு இருக்கிறதே, அதற்காக அங்கே போயிருக்கிறார். அந்தப் பதிவு இலவசம். அவரோ கூலியும் கொடுத்துவிட்டு, அட்டையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய காகிதங்கள் மட்டும் வீடு திரும்பவில்லை. அந்தக் கடையிலேயே தங்கிவிட்டன!

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. ஒரே பொறியில் ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வந்து போகிறார்கள். துடைத்துவைக்க அவருக்கு நேரமில்லை. ஆனால் நண்பர்களே, நம் ஜனங்கள் ஊரைவிட்டு வந்து, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து எழுந்து, கையில் சேர்த்துவைத்திருக்கும் சொத்து இந்தக் காகிதங்கள்தான். அது கண்டவர் கையில் கிடக்கலாமா? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் படிப்பகத்தில் பத்துப் பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எல்லாம் அலுவலகங்களில் கழித்துவிட்டவை. திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது. இதைக் கேள்விப்பட்டு ஒரு தனியார் கம்பெனிக்காரர் வந்தார். "உங்கள் பழைய பெட்டிகளே போதும். எங்கள் இடத்திலிருந்து வர்ச்சுவல் டெஸ்க்டாப் தருகிறோம். முதல் ஆறு மாதம் இலவசம். பிறகு தலைக்கு மாதம் இவ்வளவு" என்றார். செயற்குழுவில் பலருக்கு அது பிடித்துப்போயிற்று. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் மட்டும், "கொஞ்சம் பொறுங்கள், இதை நாமே செய்ய முடியுமா என்று பார்ப்போம்" என்றேன். அந்த நான்கு மாதச் சோதனையின் கணக்கைத்தான் இன்று ஒப்படைக்கிறேன்.

வர்ச்சுவல் டெஸ்க்டாப் என்றால் என்ன? ரயில்வே உதாரணம் சொன்னால் எளிதில் விளங்கும். முன்பதிவு கவுண்டர்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1980-களின் நடுவில். அப்போது குமாஸ்தாவுக்கு முன்னால் இருந்தது வெறும் திரையும் விசைப்பலகையும்தான். அதற்குச் சொந்த மூளை கிடையாது. மூளை வேறு ஓர் அறையில், குளிரூட்டிய இடத்தில் இருந்தது. ஒரு திரை கெட்டுப்போனால் பக்கத்துத் திரைக்குப் போய் வேலையைத் தொடரலாம். பயணியின் டிக்கெட் எங்கும் தொலைந்துபோகாது. எங்கள் மூத்தவர்கள் இதைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

இப்போது நாம் பேசுவதும் அதே தத்துவந்தான். சர்வர் என்கிற ஒரு பலமான பொறி. அதற்குள்ளே பத்து, பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் மென்பொருளே பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம், தனி வட்டு, தனித் திரை. தனிப் பெட்டியாகத் தொட்டுக் காட்ட முடியாது. ஆனால் வேலை செய்யும். பிள்ளை பழைய பெட்டியின் முன் உட்கார்ந்து பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினால், அவனுடைய மேசை திறக்கும். நாளைக்கு வேறு பெட்டியில் உட்கார்ந்தாலும் நேற்று விட்ட இடத்திலேயே அவன் மேசை இருக்கும். அறை மாறி அறை மாறிக் குடியிருக்கும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இது ஒன்றும் நேற்று முளைத்த அதிசயமல்ல. ஒரு பொறியைப் பல பொறிகளாகப் பிரிக்கும் மென்பொருளை ஐ.பி.எம். கம்பெனி 1972-லேயே வெளியிட்டது. அன்று அதற்குக் கோடீசுவரன் வீட்டுக் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. லினக்ஸ் என்கிற கட்டற்ற மென்பொருளுக்குள் 2007-ஆம் ஆண்டு கே.வி.எம். என்ற பகுதி சேர்ந்தது. அதன் பிறகு சாதாரணச் சர்வரிலும் இந்த வேலையைக் காசு கொடுக்காமல் செய்ய முடிகிறது.

ஆனால் கே.வி.எம்.மை நேரடியாக ஆளுவதற்குக் கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுதத் தெரிய வேண்டும். அது என்னைப் போன்றவனுக்கு ஆகாது. அங்கேதான் ராவடா என்ற மென்பொருள் உதவிக்கு வருகிறது. ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா நகரத்தில், கத்தலோனியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், தங்கள் மாணவர்களுக்காக அங்குள்ளவர்கள் எழுதியது. எழுதி, உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பயன்படுத்தலாம். சர்வரில் அதை ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு பெரும்பாலான வேலைகளைப் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து, பொத்தானை அழுத்திச் செய்துகொள்ளலாம். யாருடைய மேசை ஓடுகிறது, எது நின்றிருக்கிறது, யாருக்கு என்ன அனுமதி என்று எல்லாம் அந்தப் பக்கத்தில் வரிசையாகத் தெரியும். எங்கள் ஸ்டேஷன் பதிவேட்டைப் பார்க்கிற மாதிரியேதான். நிறுவும் வேலையை நம் குழுவிலுள்ள கல்லூரித் தங்கை செய்தார். நடத்தும் வேலையை நானும் செய்கிறேன்.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு மேசையை நன்றாகத் தயார் செய்கிறோம். லினக்ஸ் போட்டு, கணக்கெழுதும் மென்பொருள் போட்டு, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையும் சேர்த்து, சரிபார்த்து, பூட்டிவிடுகிறோம். அது மூலப் பொறி. பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது, அந்த மூலத்திலிருந்து ஒரு நகல் தானாகப் பிறக்கிறது.

நகல் என்றால் முழுவதையும் திரும்ப எழுதுவதில்லை. இதையும் ரயில்வேயில் இருந்தே சொல்கிறேன். எங்களுக்கு விதிப் புத்தகம் உண்டு. ஒரு விதி மாறினால் புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்க மாட்டார்கள். கரெக்‌ஷன் ஸ்லிப் என்று ஒரு துண்டுத்தாள் வரும், அதை ஒட்டிக்கொள்வோம். இங்கேயும் அதேதான். மூலம் ஒரு புத்தகம். அது ஒரே ஒரு பிரதி. ஒவ்வொரு பிள்ளையின் நகலும், அவன் செய்த மாற்றங்கள் மட்டுமே அடங்கிய துண்டுத்தாள்கள். ஆகவே 30 பிள்ளைகளுக்கு மேசை கொடுத்தாலும், வட்டில் 30 மடங்கு இடம் போவதில்லை. ஏழைச் சங்கத்துக்கு இது பெரிய லாபம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அடிப்புத்தகத்தையே மாற்றிவிட்டால், ஒட்டிய துண்டுத்தாள்களுக்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை! இங்கேதான் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். சோதனையின் இரண்டாவது மாதம், மூலப் பொறியில் ஒரு தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் சேர்க்கலாம் என்று நினைத்தேன். மூலத்தைத் திறக்க வேண்டுமானால் முதலில் நகல்களை நீக்க வேண்டும். திரையில் எச்சரிக்கை வந்தது. அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டேன். மறுநாள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் வந்தாள். மூன்று வாரமாக எழுதிய கணக்குப்பதிவியல் புராஜெக்ட் அவள் மேசையில் இல்லை. அந்தப் பிள்ளை என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லை மாமா, திரும்ப எழுதிக்கிறேன்" என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து இரண்டு விதி வைத்தோம். பிள்ளைகளின் வேலை மேசையோடு சேர்ந்திருக்கக் கூடாது. தனி வட்டில் இருக்க வேண்டும். மேசை போனாலும் வேலை போகாது. மூலத்தை மாற்ற வேண்டுமானால், பழையதைத் தொடாமல், அதிலிருந்து புதிய மூலம் ஒன்று செய்துகொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளி வட்டில் பிரதி எடுத்து, அதைச் சங்கக் கட்டடத்தில் வைக்காமல் வேறு வீட்டில் வைக்கிறோம். மும்பை மழை எந்த வருடம் எந்தத் தெருவுக்குள் வரும் என்று யார் சொல்ல முடியும்?

இன்னொரு அனுபவம். நமக்குக் கிடைத்த சர்வரில் 32 ஜி.பி. நினைவகம். சர்வருக்கே 4 ஜி.பி. ஒதுக்கினோம். மிச்சம் 28. ஒரு மேசைக்கு 2 ஜி.பி. என்று வைத்தால், ஒரே நேரத்தில் 14 மேசைதான் ஓடும். அறையில் பத்துப் பெட்டிதானே, தாராளம் என்று இருந்தேன். பரீட்சை வாரத்தில் ஒருநாள் மாலை ஏழு மணிக்கு, எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே ஒன்பதாவது பிள்ளைக்கு மேசை திறக்கவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தால், முந்தின நாள் வந்தவர்களில் ஆறு பேர் மேசையை மூடாமலே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆள் இறங்கிப் போன பிறகும் பெர்த் காலியாகாத வண்டி போல, அந்த ஆறும் ஓடிக்கொண்டே இருந்தன. பிரவுசரிலேயே அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. இப்போது இரவு ஒன்பதரைக்கு எல்லா மேசையும் தானாக நிற்கும்படி செய்திருக்கிறோம். ஒருவருக்கு ஒரே நேரத்தில் ஒரு மேசைதான் என்றும் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்.

சரி, முதலில் சொன்ன அந்த அம்மாளின் காகிதங்களுக்கு இதில் என்ன வழி? இருக்கிறது. ராவடாவில் நிலையற்ற நகல் என்று ஒரு வகை உண்டு. நிறுத்திய மறுகணம் அந்த மேசை அழிந்துவிடும்; அதற்குள் இறக்கிவைத்த எதுவும் மிஞ்சாது. படிவம் நிரப்பும் மூலைக்கு அந்த வகையைத்தான் வைத்திருக்கிறோம். ஒரு தாய்மார் வருகிறார், ஆதாரைக் காட்டிப் பதிவு செய்கிறார், அச்செடுக்கிறார், எழுந்திருக்கிறார், மேசையை நிறுத்துகிறோம். அவருடைய காகிதம் அவரோடு போகிறது. அடுத்தவருக்குத் துடைத்த பலகை. இந்த ஒன்றுக்காகவே இந்தச் சோதனை வீண் போகவில்லை என்று நான் சொல்வேன்.

இனி கம்பெனிக்காரர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். தலைக்கு மாதம் 300 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வையுங்கள். 20 பேருக்கு மாதம் 6,000. வருடத்துக்கு 72,000. மூன்று வருடத்தில் 2,16,000 ரூபாய். மூன்று வருடம் முடிந்ததும் நம் கையில் என்ன இருக்கும்? ஒன்றுமில்லை. வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்த கதை. நான்காம் வருடம் அவர் வாடகையை ஏற்றினால்? பிள்ளைகளின் வேலையெல்லாம் அவர் வீட்டில் இருக்கும்போது, நாம் எந்த வாயால் பேரம் பேசுவது?

இது வெறும் கற்பனைப் பயமல்ல. இந்தத் துறையில் உலகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று வி.எம்.வேர். அதை 2023 நவம்பரில் பிராட்காம் என்ற கம்பெனி 6,000 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டினால் நிரந்தரம் என்ற உரிமத்தை விற்பதை நிறுத்தி, இனி சந்தாதான் என்று அறிவித்தது. வர்ச்சுவல் டெஸ்க்டாப் செய்யும் பிரிவை 2024-இல் வேறொரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றும்விட்டது. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளும் பல்கலைக்கழகங்களும் அந்த மென்பொருளை நம்பியிருந்தன. யாரோ ஒரு மேசையில் கையெழுத்துப் போட்டார்கள். எங்கோ இருந்தவர்களின் செலவுக் கணக்கு மாறிப்போயிற்று. அவர்களுக்கே அந்தக் கதி என்றால், தாவரவாடியும் ஊரும் இல்லாத நாம் எம்மாத்திரம்?

ராவடாவுக்கு அந்த ஆபத்து இல்லை. அதன் உரிமத்துக்கு ஏ.ஜி.பி.எல். என்று பெயர். அதன்படி, யாராவது அதை மாற்றி, வலைப்பின்னல் வழியாகப் பிறருக்குச் சேவையாகக் கொடுத்தால், மாற்றிய மூலநிரலைப் பயன்படுத்துவோருக்கும் கொடுத்தாக வேண்டும். நாளைக்கு பார்சிலோனாக்காரர்கள் கையை விட்டுவிட்டாலும், நம்மிடம் இருக்கும் பிரதியை யாரும் பிடுங்க முடியாது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். கட்டற்றது என்றால் செலவற்றது என்று யாரும் எண்ண வேண்டாம். மென்பொருளுக்குக் காசில்லை, மின்சாரத்துக்கு உண்டு. பேட்டரிக்கு உண்டு. வட்டு கெட்டால் மாற்ற உண்டு. விண்டோஸ் மேசை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக உரிமத் தொகை உண்டு. ஆகவேதான் லினக்ஸ் போட்டோம். எல்லாவற்றுக்கும் மேலாக, உழைப்பு வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போது போட வேண்டும். பிரதி எடுக்க வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால், கம்பெனிக்காரரிடமே போங்கள் என்று நானே சொல்லிவிடுவேன். ஒரே சர்வர் என்பதால், அது விழுந்தால் பத்து மேசையும் ஒன்றாக விழும். வீட்டிலிருந்தே மேசையைத் திறக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்குப் பூட்டும் காவலும் சரியாகப் போடாமல் சர்வரை வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடக் கூடாது. இப்போதைக்குப் படிப்பகத்துக்குள் மட்டுந்தான்.

இறுதியாக ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு நேர்மையானவன் ஆக மாட்டேன். அந்த நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறதோ, அவர் எந்தப் பிள்ளையின் மேசையையும் திறந்து பார்க்கலாம், நிறுத்தலாம், அழிக்கலாம். கம்பெனிக்காரரிடம் அந்த அதிகாரம் இருக்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் பேசினேன். என் ஒருவன் கையில் மட்டும் இருக்கலாமா? கூடாது! நான் நல்லவனாகவே இருந்தாலும் கூடாது. 1960-களில் எல்.ஐ.சி.யில் கம்ப்யூட்டர் வந்தபோது தொழிற்சங்கத் தோழர்கள் எதிர்த்துப் போராடினார்கள். இன்று சிலர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பொறியை அவர்கள் தடுத்து நிறுத்த முடியாமல் போயிருக்கலாம். ஆனால் பொறி யார் கையில், யாருடைய நன்மைக்கு என்று அவர்கள் கேட்ட கேள்வி பழசாகவில்லை. முதலாளியிடம் கேட்கிற கேள்வியை நம்மிடமும் நாம் கேட்டாக வேண்டும்.

ஆகவே எங்கள் குழுவின் தீர்மானத்தில் நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறோம். ஒன்று, நிர்வாகப் பொறுப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு அவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு, பிறர் மேசையைத் திறக்க நேர்ந்தால், யாருடையது, எதற்காக, எந்த நேரத்தில் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவேட்டை எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம். மூன்று, படிவ மூலையில் நிலையற்ற மேசை தவிர வேறு வைக்கக் கூடாது. நான்கு, மாதா மாதம் நான்கு இளைஞர்களுக்கு இந்த நிர்வாக வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்கு நாளைக்கே வேறு டிவிஷனுக்கு மாறுதல் உத்தரவு வரலாம். நான் போனதும் அறை மூடிப்போனால், நாம் செய்தது அமைப்பு வேலை அல்ல, தனிமனித வேடிக்கை.

அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. புராஜெக்டைத் திரும்ப எழுதி முடித்துவிட்டாள். அதோடு நிற்கவில்லை. வாராவாரம் பிரதி எடுக்கும் பொறுப்பை, "அதை நான் பாத்துக்கறேன் மாமா" என்று அவளே வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை மாலையில் வந்து, பிரதி எடுத்து, சும்மா ஒரு கோப்பைத் திரும்ப இறக்கிப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் போகிறாள். அந்தச் சோதனை செய்ய வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு பொதுக்குழுவில் வாக்கெடுப்பு நடக்கிறது. கம்பெனியா, நாமா என்று முடிவு செய்வது உங்கள் உரிமை. எனக்காகக் கை தூக்காதீர்கள். அந்த அறைக்கு ஒருமுறை வந்து, ஒரு மேசையைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, பிறகு தூக்குங்கள். தாய்மார்கள் அவசியம் வாருங்கள்; இரவு எட்டு முதல் ஒன்பது வரை நான் அங்கேதான் இருப்பேன்.